மழைக்கு விரித்த குடை

அந்த ஊரில் வருஷத்துக்கு எட்டு மாதம் மழை பெய்யும். மீதி நாலு மாதமும் மழை வரப்போகிறது என்ற பேச்சு இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் குடை செய்கிறவன் கொழுத்துக் கிடப்பான் என்று நினைத்துத்தான் நான் அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறு வருஷம் இருந்தேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டுக்கொண்டதுதான் கண்ட பலன்.

குடைக்கூடம் ஆற்றங்கரையை ஒட்டி நீளமாகக் கிடக்கும். ஓட்டுக் கூரை, நடுவில் மட்டும் வரிசையாகக் கண்ணாடி. மழை நாளில் அந்தக் கண்ணாடி வழியாக இறங்குகிற வெளிச்சம் விடிந்தும் விடியாததுமாக, காலையா மாலையா என்று சொல்ல முடியாதபடி இருக்கும். அதன் கீழே நாலு நீள மேசைகள், எண்பது பேர். தையல் மெஷின்களெல்லாம் பக்கத்து அறையில். கூடத்தில் நடப்பது முழுக்கக் கைவேலை. தைத்து வந்த துணியைக் கம்பிகளின் மேல் போர்த்தி, ஒவ்வொரு கம்பி நுனியிலும் நூலால் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். எட்டுக் கம்பி, எட்டு முடிச்சு. ஒன்று தளர்ந்தாலும் குடை ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். எனக்குக் கடைசி மேசை. முடிந்து வருகிற குடைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துப் பழுது பிரிப்பது என் வேலை.

கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கிறது. அதனால் அந்தக் கூடத்தில் ஒரு வாசிப்பவர் உண்டு. மூன்று படி ஏறி உட்காருகிற உயரமான நாற்காலி அவருடையது. ஒரு காலத்தில், வேலை நேரத்தில் பேசினால் வெளியே அனுப்புவேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். "சரி, ஒருத்தர் மட்டும் பேசறோம், மத்தவங்க கேக்கறோம்" என்று இவர்கள் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து அந்த நாற்காலியை வாங்கினார்கள். அன்று இருபத்திரண்டு வயதில் அதில் ஏறியவர்தான், நான் போனபோதும் அறுபதை நெருங்கிக்கொண்டு அதிலேயே இருந்தார். ஊரே அவரை 'வாசிப்பு' என்றுதான் கூப்பிடும். நான் வாசிப்பு அண்ணன் என்பேன். அவர் வீட்டு மாடியில்தான் எனக்கு அறை.

வாசித்தது பிடித்திருந்தால் அங்கே யாரும் கை தட்ட மாட்டார்கள். கையில்தான் குடை இருக்கிறதே. மடியில் இருக்கிற குடையை 'டப்'பென்று விரிப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் விரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். எந்தக் கதையை வாசிக்கலாம், தேநீர் இடைவேளையை மாற்றலாமா, நாளைக்கு வேலைக்கு வருவதா வேண்டாமா, எல்லாம் அப்படித்தான் முடிவாகும். எண்பதும் ஒன்றாக விரிந்தால் கூடம் ஒரு நொடி இருட்டிவிடும். அந்த வழக்கம் கூடத்தைத் தாண்டித் தெருவுக்கும் போயிருந்தது. பெண் கேட்டுப் போனவன்கூடத் திரும்பி வந்து, "குடை விரிச்சுட்டாங்க" என்பான். நான் விரிப்பது மட்டும் கணக்கில் சேராது. நாளெல்லாம் விரிக்கிறவன் எதற்கு விரித்தான் என்று யார் கண்டது?

அண்ணன் அந்த வட்டாரத்தில் கட்சிக்கும் பொறுப்பாளர். முதல் ஒரு மணி நேரம் கட்சிப் பத்திரிகை வாசிப்பார். ஒரு காலத்தில் அதற்குக் கூரை தெறிக்கிற மாதிரி குடைகள் விரிந்தனவாம். என் காலத்தில் நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்று வாசித்தால் அறுபது குடை விரியும். உலகத் தொழிலாளர் நிலைமை என்று வாசித்தால் இரண்டு விரியும். அதில் ஒன்று என்னுடையது.

அந்த வருஷம் நகரசபைத் தேர்தல். எந்தக் கட்சி அந்தப் பத்தொன்பது நாளும் முதலாளி பக்கம் நின்றதோ, அதே கட்சியோடு அண்ணனின் கட்சி கூட்டுச் சேர்ந்தது. காலத்தின் தேவை என்று தலைமை எழுதியிருந்தது. அதையும் அவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு சொல் விடாமல், குரல் மாறாமல் வாசித்தார். ஒரு குடையும் விரியவில்லை. துணி வெட்டும் மேசையிலிருந்து அவருடைய மனைவியின் தம்பி மட்டும் குரல் கொடுத்தான். கையில் எப்போதும் பெரிய கத்தரிக்கோல் இருப்பதால் அவனுக்குக் கத்திரி என்று பெயர். வாயும் அப்படித்தான்.

"மாமா, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. யாரு யாரைக் கட்டிக்கிட்டாங்கன்னு சரியாக் கேக்கலை."

கூடம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்று மதியம் அவர் ரொட்டியைத் தொடவில்லை என்பதை நான் பார்த்தேன்.

இரண்டாவது மேசையில் மூன்றாவது இடம் அக்காவுக்கு. அண்ணனின் மனைவி. அவள் போட்ட முடிச்சை நான் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. பேச்சு குறைவு, பேசினால் அதுவும் முடிச்சுதான். அவளுக்கு இருந்த கவலை தண்ணீர்.

எங்கள் தெருவுக்கு அடியில் போகிற கழிவுநீர்க் குழாயில் அடைப்பு. மழை வலுத்தால் மற்ற இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரும். எங்கள் தெருவில் குளியலறைத் துளை வழியாக வந்தது. இரண்டு வருஷமாக அப்படி. கீழ்வீட்டில் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அடுப்பு மேசைமேல் ஏறிவிட்டது. அண்ணனின் புத்தகங்கள் மேல் அலமாரியில். படி இறங்கும்போதே அந்த நாற்றம் மூக்கில் ஏறும். குழாயை நகரசபையே பராமரிக்க வேண்டும், அதுதான் கொள்கை என்றது அண்ணனின் கட்சி. குத்தகைக்கு விட வேண்டும் என்றது மற்றது. குழாய் யாருடையதாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் பேசினார்கள். இப்போது இருவரும் கூட்டுச் சேர்ந்த பிறகு, அதைப் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மழை கொட்டியது. அக்கா பம்புக்காரிக்குச் சொல்லி அனுப்பினாள். ஆற்றோரப் படகுகளுக்கும் வீடுகளுக்கும் பம்பு பழுது பார்க்கிறவள் அவள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கொண்டையில் செருகிய பென்சில், ஒரு தள்ளுவண்டியில் சின்ன மோட்டார். ஹோஸைக் குளியலறைக்குள் விட்டு மோட்டாரைத் தட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா கொடுத்த சூப்பைக் குடித்தாள். மோட்டார் ஒரே சுரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீரில் எங்கள் எல்லார் முகமும் ஆடிக்கொண்டிருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அந்த நாற்றத்திலும் அது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நீ தேர்தல்ல நிக்கப் போறேன்னு கேள்விப்பட்டேனே, நிஜமா?" என்றார் அண்ணன், ஒரு படி மேலே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தபடி.

"ஆமாண்ணே. நேத்தே மனு குடுத்தாச்சு."

"எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லைண்ணே. நானும் இந்த ஹோஸும்தான்."

"உன் கொள்கை என்ன?"

"குழாய்ல அடைப்பு எடுக்கறது."

"அது வேலைம்மா. கொள்கை என்னன்னு கேட்டேன்."

பம்புக்காரி யோசித்தாள். "அடைப்பு எடுத்தப்புறம் திரும்ப அடைக்காமப் பாத்துக்கறது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும்.

"சரி. அடைப்பு எடுத்தாச்சு. நாளைக்கு முதலாளி கூடத்தை மூடறேங்கறான்னு வச்சுக்க. எண்பது பேரு தெருவுல நிக்கறோம். அப்ப நீ சபையில எழுந்திருச்சு என்ன பேசுவ?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்துக் கத்தியது. எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து, "தெரியாதுண்ணே" என்றாள். "தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

அவள் போன பிறகு அண்ணன் என்னிடம், "நம்ம ஆளுங்க எவனாவது இப்படித் தெரியாதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியாய்யா?" என்றார். கோபமாகச் சொன்னாரா, ஆசையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வேட்பாளர் பட்டியல் அச்சாகி வந்தது. எந்த அறிவிப்பையும் பாதியில் நிறுத்துவது அண்ணனின் வழக்கமில்லை. காற்புள்ளிக்குக்கூட மரியாதை கொடுப்பவர். அந்தக் குரலிலேயே ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். பம்புக்காரியின் பெயர் வந்தது. தொழில், பம்பு பழுது பார்த்தல். கட்சி, எதுவுமில்லை. முன்மொழிந்தவர்கள் பத்துப் பேர். அதில் முதல் பெயர் என்று சொல்லி, வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

நான் கையிலிருந்த குடையைப் பாதியில் பிடித்துக்கொண்டேன். அக்கா தலை நிமிரவில்லை. ஊசியை இழுத்தாள், முடிச்சுப் போட்டாள்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மனைவியின் முழுப்பெயரையும் எண்பது பேருக்குக் கேட்கும்படி, ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். தெருவையும் வீட்டு எண்ணையும் வாசித்தார். அது அவர் வீட்டு எண்தான். பிறகு மீதி ஒன்பது பெயரையும் வாசித்தார்.

முதல் மேசையில் ஒரு குடை விரிந்தது. அடுத்து இரண்டு. அப்புறம் அங்கங்கே. எல்லாமாக நாற்பது இருக்கும். அவர் படி இறங்கி, குடிதண்ணீர்ப் பானைப் பக்கம் போய், ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு வந்து மேலே ஏறி, பேருந்து நேர மாற்றத்தை வாசித்தார்.

அன்று மாலை கட்சியின் நகரச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். தரையில் நின்ற தண்ணீரில் கால் வைக்கப் பயந்து வாசற்படியிலேயே நின்றார். நல்ல செருப்பு போட்டிருந்தார்.

"தோழர், விஷயம் வெளியில ஒரு மாதிரியாப் பேசப்படுது. மனுவுக்குப் பத்துக் கையெழுத்து வேணும். அந்தம்மா சரியாப் பத்துதான் வச்சிருக்கா. ஒண்ணு குறைஞ்சா மனு தள்ளுபடி. கையெழுத்தை வாபஸ் வாங்கத் திங்கள் மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. உங்க வீட்டுல சொல்லி முடிச்சிடுங்க."

"சொல்லலைன்னா?"

"முப்பத்தெட்டு வருஷம் இருந்த இடத்துல நீங்க இருக்கறது கஷ்டமாயிடும், தோழர். நான் சொல்லலை, தலைமை சொல்லுது." சொல்லிவிட்டுச் செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்து வெளியேறினார்.

நான் மாடிக்குப் போகப் பார்த்தேன். "இருய்யா. நீ ஒண்ணும் அந்நியமில்லை" என்றார் அண்ணன். எனக்குச் சங்கடம்தான். ஆனாலும் உட்கார்ந்தேன். அக்கா மேசைமேல் இருந்த அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் அவர்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லலை."

"நான் வாசிச்சுதான் எனக்கே தெரியணுமா? அத்தனை பேருக்கு முன்னாடி?"

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அது தப்புதான். பட்டியல் புதன்கிழமைதான் வரும்னு நினைச்சேன். செவ்வாய் சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு, "உங்க குரல் நின்னுச்சே, அப்ப என் உசுரே போயிடுச்சு" என்றாள்.

மறுபடி கரண்டியை எடுத்து வெங்காயத்தைக் கிளறினாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் சொல்லு" என்றார் அவர். "இந்தக் கட்சி இல்லைன்னா எட்டு மணி நேர வேலை ஏது? அந்த நாற்காலி ஏது? உன்னைப் பார்த்ததே அந்தப் பத்தொன்பது நாள்லதானே?"

"அதை யாரு இல்லைங்கறா? பதினோராம் நாள் நீங்க எனக்குப் பாதி ரொட்டி குடுத்தீங்க. அதுக்குத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன். ஆனா இப்பத் தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது. நான் தினம் காலையில கண்ணைத் திறந்ததும் முதல்ல காலைக் கீழ வைக்கப் பயப்படறேன். இதுக்கு உங்க ஆளு என்ன பண்ணுவாரு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க உங்க வாயால சொன்னா நாளைக்கே போய் வாபஸ் வாங்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்; வேறு எவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். அந்த மனிதருக்கு அது வரவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அன்றைக்குத்தான் முழுசானது.

"சனங்க இன்னும் எங்க பக்கம்தான் இருக்காங்க" என்றார் கடைசியில். "கூட்டுச் சேர்ந்ததுல கோவம். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை முச்சந்தியில கூட்டம் இருக்கு. நான் பேசறேன். குடை விரிஞ்சா நீ வாபஸ் வாங்கு. விரியலைன்னா நானே பொறுப்பை விட்டுடறேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"சரி" என்றாள் அக்கா. அடுப்பை அணைத்து மூன்று தட்டு வைத்தாள். மூன்று பேரும் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, படகில் போகிறவர்கள் மாதிரி சாப்பிட்டோம்.

ஞாயிறு பிற்பகல் மழை இல்லை. வானம் தாழ்ந்து வீட்டுக் கூரைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி, முச்சந்தியில் நின்றவர்களின் முழங்கால்வரை மறைத்திருந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள். எல்லார் கையிலும் மடக்கிய குடை. அந்த ஊரில் குடையில்லாமல் வெளியே வருகிறவன் வெளியூர்க்காரன். நடுவில் அக்கா நின்றாள். ஓரத்தில், தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு பம்புக்காரி.

செயலாளர் ஒரு காகிதத்தைக் கொடுத்து அண்ணனை மேடையேற்றினார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் எழுதியதையே வாசித்தவர், முதல் தடவையாகக் காகிதமில்லாமல் நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குப் பேச வராது. வாசிக்கத்தான் வரும்" என்றார். சிரித்தார்கள். "கூட்டுச் சேர்ந்தது சரின்னு சொல்ல நான் வரலை. எனக்கே தொண்டையில இறங்கலை. குழாய்க்கு நாங்க என்ன பண்ணுவோம்னு என் வீட்டுலயே கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்லை."

செயலாளர் இருமினார்.

"ஆனா ஒண்ணு கேக்கறேன். அடைப்பை எடுத்துடுவாங்க. தண்ணி வடிஞ்சிடும். மேட்டுத் தெருக்காரங்க வீட்டுல தண்ணி வரலை. அவங்க எதுக்காக நம்ம தெருவுக்கு வரணும்? நம்ம தண்ணி வடிஞ்சப்புறம் நாம எதுக்கு அடுத்த தெருவுக்குப் போகணும்? அதுக்கு நாங்க ஒரு பதில் வச்சிருந்தோம். பத்தொன்பது நாள் பசியோட அதைக் கத்துக்கிட்டோம். அதை நாங்களே கெடுத்துட்டோம். திட்டுங்க, வாங்கிக்கறேன். அந்தக் கேள்வியை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டா, அப்புறம் அவங்கவங்க வீட்டுத் தண்ணிதான், அவங்கவங்க வாளிதான்."

நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மூக்குமேல் ஒரு துளி விழுந்தது.

டப். டப், டப். முந்நூறு குடைகளும் விரிந்தன. பனிமூட்டத்துக்கு மேலே முச்சந்தி முழுக்கக் கறுப்பாகிவிட்டது. மேடைமேல் தகரம் போட்டிருந்தார்கள், தூறல்தான், அண்ணனுக்கு மழை தெரியவில்லை. அவர் அந்தக் குடைகளைப் பார்த்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண்ணீர் தாடைவரை இறங்கியது, துடைக்கவேயில்லை.

"எழுச்சி, தோழர்! எழுச்சி!" என்று செயலாளர் கத்தினார். கத்திக்கொண்டே தலைமைக்கு அனுப்பும் அறிக்கையை அங்கேயே குறிப்பெடுத்தார்.

வீடு திரும்பும்போதுகூட அண்ணன் தன் குடையை விரிக்கவில்லை. நனைந்துகொண்டே, சின்னப்பிள்ளை மாதிரி வேகமாக நடந்தார். வீட்டில் எங்கள் குடைகள் மாடிப்படியில் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. கத்திரியும் வந்து உட்கார்ந்திருந்தான்.

"சொன்ன சொல் சொன்னதுதான்" என்றாள் அக்கா, துண்டால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே. "நாளைக்குப் பத்து மணிக்கு அனுமதி கேட்டுட்டுப் போயிட்டு வந்துடறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அப்புறம் படியில் சொட்டுகிற குடைகளைப் பார்த்தார்.

"நீயும் விரிச்சியா?"

"விரிச்சேன்."

"எதுக்கு?"

அக்கா துவட்டுவதை நிறுத்தினாள். பொய் சொல்லலாமா என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள் என்றே நினைக்கிறேன். "தலையில தண்ணி விழுந்துச்சுங்க" என்றாள்.

"மாப்ள, நீ?"

கத்திரி முதல் தடவையாகத் தலையைச் சொறிந்தான். "போன வாரம்தான் காய்ச்சல் வந்து எழுந்தேன் மாமா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் என்ன செய்வேன்? என் குடைக்குத்தான் என்றைக்கும் கணக்கு கிடையாதே. தரையைப் பார்த்தேன்.

அவர் துண்டைத் தலையிலேயே போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், "அப்போ முன்னாடியெல்லாம்?" என்றார். "அந்த நாள்லயெல்லாம் விரிச்சாங்களே. அதுவும் மழைக்குத்தானா?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளியலறைத் துளையில் தண்ணீர் குமிழ் விடும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை அக்கா மழைக்கோட்டைப் போட்டபடியே கூடத்துக்கு வந்தாள். பத்து மணி ஆனதும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து நின்றாள். "கொஞ்சம் இரு" என்றது நாற்காலியிலிருந்து குரல்.

அண்ணனின் மடியில் பத்திரிகை இல்லை.

"நேத்து எல்லாரும் குடை விரிச்சீங்க. ரொம்ப நன்றி. இப்ப இங்க கூரை இருக்கு, மழை இல்லை. ஒண்ணு கேக்கறேன், எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நேத்து மழைக்கு விரிச்சவங்க யாரு?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதரை நோகடிக்க அங்கே யாருக்கும் மனசில்லை. கடைசியில் கத்திரி, பக்கத்து மேசையிலிருந்து ஒரு குடையை எடுத்து, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் விரித்தான். அப்புறம் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, எல்லாக் குடையும் விரிந்தன. கூடம் இருட்டியது. நானும் விரித்தேன். ஆறு வருஷத்தில் அன்று ஒருநாள்தான் நான் கணக்கில் சேர்ந்தேன்.

"சரி, மடக்குங்க" என்றார். மடக்கினோம். "பேச்சுக்கு விரிச்சவங்க?"

ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். அங்கே நிஜமாகவே ஒரு ஊசி விழுந்தது, கேட்டது. ஒரு குடையும் விரியவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தாலும் குரல் வாசிக்கிற குரலாகவே இருந்தது. "அப்போ நீ போக வேண்டாம். உட்காரு. பேசினபடி நான்தான் விலகணும். கடிதம் எழுதி எடுத்துட்டு வந்துட்டேன்" என்று சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா மழைக்கோட்டைக் கழற்றித் தன் நாற்காலியில் மாட்டினாள். உட்கார்ந்தாள். பாதியில் விட்ட குடையை மடியில் எடுத்து வைத்தாள். ஏழு முடிச்சு முடிந்திருந்தது. ஊசியை உருவி எட்டாவதைப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். நுனியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். எண்பது பேரும் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அவசரப்படவில்லை.

பிறகு அந்தக் குடையை, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து விரித்தாள்.

டப்.

அத்தனை பெரிய கூடத்தில் அந்த ஒரு குடை மட்டும். அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அது எதுக்கு? மழைக்கா?" என்றார். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது.

"கூரைக்குக் கீழ மழை ஏதுங்க?" என்றாள் அக்கா. குடையை மடக்கி என் மேசைப் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "ஓட்டு பம்புக்காரிக்குத்தான். அதுல மாத்தமில்லை" என்றாள்.

கூடம் வெடித்துச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பக்கத்தில் கிடந்த பத்திரிகையை எடுத்து அதனாலேயே கண்ணைத் துடைத்தார். பன்னிரண்டு மணி சங்கு ஊதியபோது பத்துக் கையெழுத்தும் பத்தாகவே இருந்தன. பம்புக்காரி ஜெயித்ததும், மூன்று வாரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து செங்கல்லை எடுத்ததும், மேட்டுத் தெருவிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்காததும் பிறகு நடந்தவை. அன்று அவர் மழை அறிவிப்பிலிருந்து ஆரம்பித்துச் சாயங்காலம்வரை வாசித்தார். முகமெல்லாம் அச்சு மை. யாரும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகும் வழியில் தன் குடையை அவருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.